அம்மாவுக்கு மட்டும்தான்

கண்டி,
10.03.2008

அன்புத் தங்கச்சி பீற்றிசுக்கு,

அண்ணன் தோமஸ் எழுதுவது. நான் சுகம், மூக்குத்தான் சுகமில்லை. கண்டிக் குளிருக்கு அது தன்பாட்டில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் முழங்கால் எப்படி? அம்மாவின் பிரஷர் எப்படி? உன் தையல் வகுப்பு நடக்கிறதா? புனித யூதா ததேயு எல்லாரையும் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் விசயத்துக்கு வருகிறேன்.

கடைசி வருடத்துக்கு ஓர் ஆய்வு எழுத வேண்டும். இளைஞர்கள் தாங்கள் எவ்வளவு போன் பாவிக்கிறோம் என்பதைச் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார்களா, இதுதான் நான் எடுத்த தலைப்பு. இங்கே விடுதிப் பெடியன்களிடம் கேட்டேன். "நாங்க போனைத் தலையணைக்குத்தான் பாவிக்கிறம்" என்று பகிடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் நம் பக்கத்து ஆட்களிடம் நீதான் கேட்டுத் தரவேண்டும். பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயது வரை முப்பது பேர். முப்பது படிவம் வைத்திருக்கிறேன். பெயர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும்.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். விடுதியில் சிக்னல் இல்லை.

உன்னை நம்பி இருக்கும்,
அண்ணன் தோமஸ்


தேற்றாத்தீவு,
29.03.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி பீற்றிஸ். இங்கு எல்லாரும் சுகம். உங்கள் மூக்குக்கு அம்மா கொத்தமல்லி அவிக்கச் சொல்கிறா. அங்கே ஆர் அவித்துத் தருவது என்றும் அவவே கேட்கிறா.

அண்ணா, உங்கள் ஆய்வு என் உயிரை எடுக்கிறது. ஆளைப் பிடித்து, "ஒரு கிழமைக்கு எத்தனை கோல் எடுக்கிறீங்க, ஆருக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டால் சனம் என்னை ஏற இறங்கப் பார்க்கிறது. கரடியனாற்றுப் பெடியன் ஒருவன், கதிர்காமத்தம்பி என்று பெயர் (பெயர் எழுதக் கூடாது, மறந்துபோனேன்), "இத என்னத்துக்குக் கேக்கிறீங்க அக்கா? உங்கள ஆர் அனுப்பின?" என்று கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். மறுகா அவனுடைய அம்மாவைப் பிடித்து, என் அண்ணன் படிக்கிற பிள்ளை என்று சத்தியம் பண்ணித்தான் எழுதுவித்தேன்.

ஆமிச் சென்றியில் மறித்துப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? பஸ் சென்றிக்குக் கிட்ட வந்தால் போதும், எல்லாரும் குனிந்து கோல் லிஸ்டை அழிப்பார்கள். பஸ் முழுக்க டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அழித்து அழித்து எங்களுக்கே எதுவும் ஞாபகம் இல்லை. "ஆருக்குக் கதைச்ச?" என்று ஆமி கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான். அதைத்தான் எனக்கும் சொல்கிறார்கள். பன்னிரண்டு படிவம் அனுப்புகிறேன், நீங்களே பாருங்கள்.

வீட்டு விசயம் ஒன்று. அப்பா டவுனில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டரை எனக்குப் பார்த்து வைத்திருக்கிறார். ஒக்டோபர் திருவிழாவோடு சொல் கொடுக்கப் போகிறாராம். மாஸ்டர் மிச்சம் நல்லவராம். அவ்வளவு நல்லவரென்றால் அப்பாவே கட்டட்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நீங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். இப்ப வேண்டாம், கதையோடு கதையாக ஒரு நாள்.

அப்பா இதைத் தானே தபாலில் போடுவதாகச் சொல்கிறார். அடியில் ஏதோ எழுதவும் வேண்டுமாம். மேல் பக்கத்தை மடித்து ஒட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

பாசத்துடன்,
பீற்றிஸ்

மகனுக்கு, நீ ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போன் எடுக்கிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோசம். கோயில் சபையிலும் சொல்லியிருக்கிறேன். மணிக்கணக்காகக் கதைத்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. குரல் மாறிப் போனால் ஆளை அடையாளம் தெரியாது. – அருளப்பு.


கண்டி,
14.04.2008

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம், நாடுவதும் அதுவே. மூக்கு நின்றுவிட்டது, இப்போது இருமல்.

பன்னிரண்டு படிவமும் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் கிழமைக்கு இரண்டு மூன்று கோல்தான் எடுக்கிறார்களாம். ஆருக்கு என்ற இடத்தில் பன்னிரண்டு பேரும் "அம்மாவுக்கு மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் விரிவுரையாளர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பிடி ஒரு தாய்ப்பாசம் நான் எங்கயும் காணேல்ல" என்றார். உருகிவிட்டார் என்று நான் நினைத்தேன். பிறகு, "இதை நம்பினால் உமக்கும் பட்டமில்லை, எனக்கும் மரியாதையில்லை" என்று மேசையில் போட்டார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நம் ஆட்கள் வைத்திருக்கும் டோர்ச் லைட் போனில் கோல் லிஸ்டுக்குக் கீழே இன்னும் ஓர் இடம் இருக்கிறது. போன் வாங்கிய நாளிலிருந்து மொத்தம் எத்தனை மணித்தியாலம் எடுத்துக் கதைத்தது, எத்தனை மணித்தியாலம் வந்து கதைத்தது என்று அங்கே ஓடிக்கொண்டிருக்கும். லிஸ்டை அழித்தாலும் அது அழியாது. அது இருப்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. இனி முதலில் வாயால் சொல்வதை எழுது. பிறகு அவர்களுடைய விருப்பத்தோடு போனை வாங்கி அதைப் பார்த்து எழுது. போன் எப்போது வாங்கியது என்பதையும் கேள். முன்னைய பன்னிரண்டு பேரிடமும் திரும்பப் போ.

அப்பா அடியில் எழுதியிருப்பது விளங்கவில்லை. நான் எங்கே ஒவ்வொரு நாளும் எடுத்தேன்?

அன்புடன்,
தோமஸ்


தேற்றாத்தீவு,
02.06.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் இருமலுக்கும் கொத்தமல்லிதானாம்.

அப்பா எழுதியதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவருக்கும் வயது போகிறது.

முப்பதும் முடிந்தது. ஐயோ அண்ணா, என்ன சிரிப்பு! தையல் வகுப்பில் என்னோடு படிக்கிற காத்தான்குடி ஸஹீதா, "நான் போனே பாவிக்கிறல்ல புள்ள" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையில் போன் அடிக்கிறது. வெட்டினாள். திரும்ப அடித்தது. "பிழையான நம்பர்" என்றாள். அவளுடைய போனில் பார்த்தால் நூற்று நாற்பது மணித்தியாலம். "பிழையான நம்பரோட இவ்வளவு நேரமா கதைச்ச?" என்று கேட்டேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. இப்போது நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது, நம்பரும் சரியாகிவிட்டது.

கதிர்காமத்தம்பி கிழமைக்கு இரண்டு கோல், இரண்டு நிமிடம் என்று சொல்லியிருந்தான். ஆனால் அவனுடைய போனில் நானூறு மணித்தியாலம். அவன் வயல் வட்டைக்குள் கிளி விரட்டப் போகும்போது ஒரு பிள்ளைக்குக் கோல் எடுத்துப் போனைப் பரண் கம்பில் தொங்கவிடுவானாம். அந்தப் பிள்ளை தன் வீட்டில் சமைத்துக்கொண்டே இவன் "ஓய் ஓய்" என்று கிளி விரட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்குமாம். "நாங்க ஒண்டும் கதைக்கிறல்லயே அக்கா! கதைச்சாத்தானே கோல்?" என்கிறான். இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

மிஸ் கோலையும் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. ஒவ்வொரு சென்றி தாண்டியதும் வீட்டுக்கு ஒரு மிஸ் கோல் கொடுக்கிறார்கள். வெளிக்கிட்ட பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். "அது கோல் இல்ல, அது மூச்சு விடுறமாதிரி" என்று ஒரு பெடியன் சொன்னான். அதை மட்டும் நான் சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.

முப்பது பேரைத் தேடி வாழைச்சேனை வரைக்கும் போக வேண்டி வந்தது. ஆள் குறைந்ததால் என்னையும் ஒன்பதாம் இலக்கமாகப் போட்டிருக்கிறேன். தப்பில்லையே?

பாசத்துடன்,
பீற்றிஸ்


கண்டி,
20.06.2008

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் படிவங்களைப் பார்த்து விரிவுரையாளர் எழும்பி நின்று கை தந்தார். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. எல்லாரும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பத்தில் ஒன்றாக. கிளி விரட்டுகிறவனுக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதச் சொல்கிறார்.

இரண்டு படிவத்தில்தான் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

ஒன்பதாம் இலக்கம். பெண், வயது இருபத்திரண்டு, தேற்றாத்தீவு. போன் போன நத்தாருக்கு வாங்கியது. வருகிற அழைப்பு: "கிழமைக்கு ஒன்று, அண்ணனிடமிருந்து." போனில் இருப்பது: வந்து கதைத்தது 211 மணித்தியாலம் 12 நிமிடம்.

இருபத்திரண்டாம் இலக்கம். ஆண், வயது இருபத்தாறு, வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் லொறி ஓட்டுபவர். போன் போன நத்தாருக்கு வாங்கியது. வேலைக்கு வேறு போன் இருக்கிறதாம், இது சொந்தப் பாவனைக்கு. எடுத்துக் கதைத்தது 209 மணித்தியாலம் 25 நிமிடம். ஆருக்கு? "அம்மாவுக்கு மட்டும்தான்." முதற் பக்கத்தில் பெற்றோர் விபரம்: "தாய் காலமாகிவிட்டார்."

இதற்கு உன் விளக்கம் என்ன?

அன்புடன்,
தோமஸ்


கண்டி,
15.07.2008

தங்கச்சிக்கு,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? வழியில் தவறியிருக்கக்கூடும் என்று திரும்ப எழுதுகிறேன். ஒன்பதும் இருபத்திரண்டும். விளக்கம் தேவை.

தோமஸ்


தேற்றாத்தீவு,
03.08.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இம்முறை வெயில் கடுமை. கிணற்றில் தண்ணி கீழே போய்விட்டது. வெள்ளைப் பசு கன்று போட்டது, நாகு கன்று, நெற்றியில் பொட்டு. கச்சான் காத்தில் பின்வளவு முருங்கை முறிந்து விழுந்தது. வாவியில் இறால் படுகிறது, அம்மா உங்களை நினைத்துக்கொண்டு சொதி வைத்தா. பங்குச் சுவாமி மாற்றலாகிப் போகிறார். புதுச் சுவாமி பாட்டுக்காரராம்.

கடிதம் இரண்டும் கிடைத்தது. அதுபற்றிப் பிறகு.

அண்ணா, உங்கள் படிவம் எங்கே? உங்களுக்கும் இருபத்தைந்து வயதுதானே? எல்லாரையும் எழுத வைத்துவிட்டு நீங்கள் எழுதாமல் விடுவது நீதியா?

பாசத்துடன்,
பீற்றிஸ்


கண்டி,
12.08.2008

தங்கச்சிக்கு,

கன்றுக்கும் முருங்கைக்கும் என் விசாரிப்புகள்.

என் படிவம் இத்துடன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஞாயிறு தோறும் ஒரு கோல், பத்து நிமிடம். வேறு ஒருவருக்கும் இல்லை.

இனி உன் முறை. ஆர் இந்த ஐஸ் லொறி?

தோமஸ்


தேற்றாத்தீவு,
25.08.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். சுகமில்லை என்றுதான் எழுத வேண்டும், ஆனால் காய்ச்சல் இல்லை.

ஓம். அழகரத்தினம்தான். கடற்கரைக்கு ஐஸ் கொண்டுவருகிறவர். ஐஸ் கட்டி காலில் விழுந்து தையல் வகுப்பு வாசலில் நொண்டிக்கொண்டு நின்றார், நான் துணி கிழித்துக் கட்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது, பிறகு இருநூற்றுச் சொச்சம் மணித்தியாலம். நான் அவரைத்தான் கட்டுவேன் அண்ணா. வேறு ஆரையும் கட்டமாட்டேன். திருவிழாவோடு அப்பா மாஸ்டருக்குச் சொல் கொடுத்துவிட்டால் என் கதை முடிந்தது. அப்பா சொன்ன சொல்லை மாற்றமாட்டார், உங்களுக்குத் தெரியும்.

அவர் அம்மாவுக்கு என்று எழுதியதையும் பகிடி பண்ணாதீர்கள். சென்றியில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. நான் வாசித்துவிட்டு, "செத்த ஆளுக்கா எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். "அம்மா இரிந்தா எடுத்திருப்பன்தானே" என்றார். அதனால் அழிக்காமல் விட்டேன்.

இன்னொன்று. அப்பா ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டீர்களே. வீட்டில் ஒரே போன்தானே? பின்னேரம் அது அடிக்கும். நான் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன். "ஆர் அது ஒவ்வொரு நாளும்?" என்று அப்பா கேட்டார். அம்மா குசினிக்குள் இருந்து, "தோமஸ் தம்பிதான் கண்டியில இருந்து எடுக்கிறான், தங்கச்சியோட கதைக்க ஆசையாம்" என்றா. அவவுக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு அப்பா கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மகன் இவ்வளவு தூரத்தில் இருந்தும் நாள் தவறாமல் எடுக்கிறான் என்று சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவும் சிரித்துக்கொண்டு நின்றா. வீட்டுக்கு வந்து அழுதா.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லித் தந்த கணக்குத்தான். 211 மணி 12 நிமிடத்தில் 209 மணி 25 நிமிடத்தைக் கழித்தால் மிச்சம் ஒரு மணியும் 47 நிமிடமும். நோர்வேச் சித்தப்பா மூன்று தரம் எடுத்தார், ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம். மீதி பதினேழு நிமிடம். மார்கழி நத்தாரிலிருந்து நான் படிவம் நிரப்பின நாள் வரை இருபத்திரண்டு ஞாயிறு. ஞாயிறு தோறும் பத்து நிமிடம் என்றால் அண்ணா, மிச்சத்தை ஆர் தின்றது?

உங்கள் போனின் மொத்த மணித்தியாலத்தை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். சிக்னல் இல்லாத விடுதிதானே, சொற்பமாகத்தான் இருக்கும்.

உங்களை நம்பி இருக்கும்,
பீற்றிஸ்


கண்டி,
06.09.2008

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், அதுவே வெட்கமாக இருக்கிறது.

உன் கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். பதினேழு நிமிடம்தான். சத்தியமாக நான் பொய் எழுதவில்லை. ஞாயிறு தோறும் எடுக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடுக்க வேண்டும் என்று ஞாயிறு தோறும் நினைத்தேன், அந்த நினைப்பெல்லாம் எடுத்ததாகவே மனதில் பதிந்திருக்கிறது. இதை ஆய்வில் கடைசி அத்தியாயமாக எழுதியிருக்கிறேன். முப்பத்தோராம் இலக்கம் நான்தான்.

என் போனில் மொத்தம் 194 மணித்தியாலம். விடுதி மதிலில் ஏறி நின்றால் சிக்னல் வரும். அது ஆருக்கு என்று நீ கேட்காதே. நானும் இனி ஐஸ் லொறியைப் பற்றி விசாரிக்க மாட்டேன்.

அப்பாவிடம் நான் கதைக்கிறேன். இவ்வளவு காலமும் ஒழுங்காக எடுக்காதவன் எடுத்த எடுப்பிலேயே கலியாணக் கதை கதைத்தால் அவர் போனை வைத்துவிடுவார். முதலில் ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன். கொஞ்சம் பழகட்டும்.

அன்புடன்,
தோமஸ்


தேற்றாத்தீவு,
28.09.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். பாவி அண்ணா, இப்படியா எடுப்பது! இருபது நாளாகப் பின்னேரம் ஐந்தரைக்கு நீங்கள், ஆறு மணி வரைக்கும் நீங்கள். அவர் எடுத்தால் லைன் பிசி. போன கிழமை அவர் ஐஸ் லொறியை ரோட்டில் நிற்பாட்டி, "என்ன, மாஸ்டருக்கு ஓம் எண்டிட்டயா?" என்று கேட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டே இறால் உடைக்கிறா. பக்கத்து வீட்டு ஆட்கள், "மகன் எடுக்கிறானா?" என்று கேட்டால், "எங்க புள்ள, இரிந்திட்டு ஒரு நாளைக்கு" என்கிறா. கண்ணூறு பட்டுவிடும் என்று பயமாம். முந்தி எடுக்காதபோது தினமும் என்று சொன்னா, இப்போது தினமும் எடுக்க இப்படிச் சொல்கிறா. இவவை எந்த இலக்கத்தில் போடுவீர்கள்?

ஆனால் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. அப்பாவிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்? முழங்காலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைக்கிறீர்களாம்.

பீற்றிஸ்


தேற்றாத்தீவு,
12.10.2008

மகன் தோமசுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம்.

நேற்றுப் போனில் நீ நெல் விலையில் தொடங்கி, மழைக்கு வந்து, தங்கச்சியின் விசயம் என்று சொல்லி இருமிவிட்டு வைத்துவிட்டாய். மிச்சத்தை நானே சொல்கிறேன், உனக்குச் சிரமம் வேண்டாம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் போன் அடித்தபோது நான்தான் எடுத்தேன். நான் வாய் திறக்க முதல், "சாப்பிட்டயா?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. என் மகன் ஒரு நாளும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதோடு, என் மகன் வீட்டில் ஆரோடும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைக்கிறவன் இல்லை. ஒரு மணித்தியாலம் கதைக்கிறவன் வேறு ஆள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. தொண்டையைப் பற்றி உனக்கு எழுதிப் பார்த்தேன், உனக்கு விளங்கவில்லை.

அம்மா பொய் சொன்னாள் என்று அவளோடு கோபிக்காதே. அவள் சொல்லும்போது எனக்கும் அது உண்மையாக இருந்தால் நல்லது என்றுதான் இருந்தது. அதனால்தான் சபையிலும் சொன்னேன்.

அந்தப் பெடியனை வாழைச்சேனையில் விசாரித்தேன். ஐஸ் நிறை குறைக்காதவன் என்று மீன்காரர் சொல்கிறார்கள். எட்டு மாதமாக நாள் தவறாமல் ஒரு பிள்ளையைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறவன் இனியும் கேட்பான். திருவிழாவுக்கு அவனை வீட்டுக்கு வரச் சொல். நீயும் வா. மாஸ்டருக்கு நான் இன்னும் சொல் கொடுக்கவில்லை, அதற்கும் இதுதான் காரணம். இப்போது நீ லைனைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அவன் எடுக்க வழியில்லாமல் இருக்கிறான். நீ இனி ஐந்து மணிக்கு எடு, ஐந்தரையை அவனுக்கு விடு.

உன் ஆய்வில் எனக்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்லித் தங்கச்சி தந்தாள். வயது கூடிப்போனாலும் பரவாயில்லையாம். புரட்டாதிக்கு முதல் உங்கள் மகன் எத்தனை தரம் எடுத்தார் என்று அதில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள். நாலு தரம். தை ஏழு, பங்குனி இரண்டு, உயிர்த்த ஞாயிறு, வைகாசி பதினெட்டு. ஒவ்வொரு தரமும் நீ என்ன சொன்னாய் என்பதும் ஞாபகமிருக்கிறது.

ஆனால் படிவத்தில் "சரியாக ஞாபகமில்லை" என்றுதான் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதையே வைத்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா அருளப்பு